சின்ன அலுவலகத்தில் பிம் பயிற்சி: கட்டி முடித்த வீட்டிலிருந்து தொடங்கலாம்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நான்கைந்து பேர் சேர்ந்து வேலை பார்க்கும் பிளான் அலுவலகங்கள் நிறைய உண்டு. கணினியில் கோடு போட்டு வரையும் ஆட்டோகேடில் எல்லோருக்கும் கை நன்றாக ஓடும். பிம் என்று சொன்னால் மட்டும், "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான்" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். கட்டடத்தைக் கோடுகளாக வரையாமல், அளவும் பொருளும் சேர்ந்த சுவர், காலம் (தூண்), ஜன்னல் என்று கணினிக்குள் கட்டுவதுதான் பிம். இரண்டு மாடி வீடு மட்டும் செய்யும் அலுவலகத்துக்கும் இது உதவும். உங்கள் ஆட்களை எப்படிப் பழக்குவது என்று பார்ப்போம்.

படி 1: மென்பொருள்

வேலை வாய்ப்பை நினைத்தால் ரெவிட் என்ற பிம் மென்பொருள். அது விண்டோஸில்தான் ஓடும். 16 ஜிபி ராமாவது இருக்கட்டும். விலை குறைந்த எல்டி பதிப்பில் ஒரே மாடலில் பலர் சேர்ந்து வேலை செய்ய முடியாது. மாணவர் லைசென்ஸ் படிப்பதற்கு மட்டுமே, கிளையண்ட் வேலைக்கு ஆகாது. காசு செலவழிக்காமல் கருத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருள் போதும். 2024-இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து பிம் கருவிகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. கீழே சொல்வதெல்லாம் ரெவிட்டை வைத்து. எல்லாக் கணினியிலும் ஒரே ஆண்டுப் பதிப்பைப் போடுங்கள். 2025-இல் சேமித்த கோப்பு 2024-இல் திறக்காது.

படி 2: வீடும் ஜோடியும்

நடந்துகொண்டிருக்கும் வேலையில் பயிற்சி வேண்டாம். கிளையண்ட் போன் அடித்ததும் எல்லோரும் ஆட்டோகேடுக்கே ஓடிவிடுவார்கள். நீங்களே கட்டி முடித்த ஒரு வீட்டை எடுங்கள். வரைபடம், எஸ்டிமேட், பில் எல்லாம் கையில் இருக்கும். சந்தேகம் வந்தால் நேரில் போய் டேப் பிடிக்கலாம். கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சரிவான மனையாக இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், டிப்ளமோ முடித்த இளைஞரையும் சைட் தெரிந்த மூத்த டிராஃப்ட்ஸ்மேனையும் ஒரே கணினி முன் உட்கார வையுங்கள். மவுஸ் இளையவர் கையில். "மக்கா, சுவரு போட்டாச்சு, இதுக்கு அடியில கல்லுக்கட்டு எங்க?" என்று மூத்தவர் கேட்கும் கேள்வி எந்த வீடியோவிலும் கிடைக்காது.

படி 3: லெவல், கிரிட்

கொத்தனார் நூல் பிடிக்காமல் கல் வைக்கமாட்டார். அதே ஒழுங்கு இங்கேயும். தரை, பேஸ்மெண்ட் மேல்மட்டம், லிண்டல், ஸ்லாப் என்று லெவல்களை, அதாவது உயர மட்டங்களை, எலிவேஷனில் (பக்கத் தோற்றத்தில்) போட்டுப் பெயர் வையுங்கள். காலம் வரும் இடங்களில் கிரிட், அதாவது குறுக்கும் நெடுக்குமான வழிகாட்டிக் கோடுகள். அளவை மில்லிமீட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். வாயில் அடி வந்தால் வரட்டும்.

படி 4: சுவர்

பயிற்சியின் பாதி இங்கேதான். 9 அங்குலச் செங்கல் சுவரை 230 மி.மீ. என்று ஒரு வகையாகவும், நாலரை அங்குலத்தை 115 என்று இன்னொரு வகையாகவும் உருவாக்குங்கள். பூச்சையும் தனி அடுக்காகச் சேர்த்தால் பின்னால் கணக்குக்கு உதவும்.

சுவர் போடும்போது மேல்முனை எங்கே முடிகிறது என்று ரெவிட் கேட்கும். எந்த லெவலோடும் சேராத ஒரு உயரத்தை அப்படியே விட்டுவிடுவது புதியவர்களின் பழக்கம். மேல்முனையை ஸ்லாப் லெவலோடு இணைக்கச் சொல்லுங்கள். வேண்டுமென்றே ஒரு சுவரை மட்டும் இணைக்காமல் விட்டு, ஸ்லாப் லெவலை அரை அடி உயர்த்தச் சொல்லுங்கள். மற்றச் சுவர்கள் தானாக ஏறும். அந்த ஒன்று மட்டும் குட்டையாக நிற்கும். செக்‌ஷனை (குறுக்குவெட்டை) திறந்தால் இடைவெளி பளிச்சென்று தெரியும். இதைக் கண்ணால் பார்த்தவருக்கு ஆட்டோகேடுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

படி 5: சரிவுக் கூரை

கன்னியாகுமரி இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம். மொட்டை மாடி வீட்டுக்காரர்கூட முன்பக்கம் சரிவும் ஓடும் கேட்பார். கூரையின் எல்லையை பிளானில் வரைந்து, எந்தக் கோட்டுக்குச் சரிவு என்று டிக் செய்ய வேண்டும். நான்கிலும் டிக் இருந்தால் நாலு பக்கமும் சரியும். எதிரெதிர் இரண்டில் மட்டும் விட்டால் இரண்டு பக்கச் சரிவு. மீதி இரண்டு பக்கத்திலும் முக்கோணமாகத் திறந்து கிடக்கும் இடத்தை மூட, அந்தச் சுவர்களைக் கூரையோடு இணைக்கும் கட்டளை இருக்கிறது.

30 டிகிரி சரிவில், பிளானில் 1000 சதுர அடியாகத் தெரியும் கூரைக்கு உண்மையான பரப்பு சுமார் 1155 சதுர அடி. ஓடு அந்தக் கணக்குக்குத்தான் வாங்க வேண்டும். மாடல் இதைத் தானே சொல்லும்.

படி 6: கதவு, ஜன்னல்

கதவு, ஜன்னல் போன்ற ஆயத்த மாதிரிகளை ரெவிட்டில் ஃபேமிலி என்பார்கள். இணையத்தில் கிடைக்கும் அலங்கார ஃபேமிலிகளை அள்ளிப் போடாதீர்கள், கோப்பு கனத்துவிடும். நீங்கள் வழக்கமாகப் போடும் நாலைந்து அளவு போதும்.

படி 7: ஷெட்யூலை பில்லோடு ஒப்பிடுங்கள்

சுவர், கான்கிரீட், ஜன்னல் ஆகியவற்றுக்கு ஷெட்யூல், அதாவது மாடல் தரும் அளவுப் பட்டியல், எடுத்து, பழைய எஸ்டிமேட்டைப் பக்கத்தில் வையுங்கள். கணக்கு கட்டாயம் இடிக்கும். காலமும் சுவரும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும் இடத்தில் ஜாயின் கட்டளையால் இணைக்காவிட்டால், அந்தக் கன அளவு இரண்டு முறை எண்ணப்படும். சில இடங்களில் மாடல் சரியாகவும் எஸ்டிமேட் கைக்கணக்கில் கூடியும் இருக்கும். எது எது என்று ஜோடியாகத் தேடட்டும். என்னைக் கேட்டால், சான்றிதழைவிட இந்தத் தேடல்தான் பெரிய பயிற்சி.

அதோடு கழிவறைக் குழாய்களை மாடலில் போட்டு, பீமோடு மோதல் சோதனை ஓட்டிப் பாருங்கள். பீமைத் துளைத்துப் போகும் குழாய்களின் பட்டியல் வரும்.

படி 8: சேர்ந்து வேலை

இதை முடித்த பிறகே சென்ட்ரல் ஃபைல், அதாவது எல்லோருக்கும் பொதுவான மாடல் கோப்பு. ஒவ்வொருவரும் தன் கணினியில் அதன் நகல் வைத்து வேலை செய்துவிட்டு, சாப்பிடப் போகுமுன் சிங்க் செய்து, மாற்றங்களைப் பொதுக் கோப்பில் சேர்க்க வேண்டும். சென்ட்ரல் ஃபைலை நேரடியாகத் திறந்து வேலை செய்யக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேறு மென்பொருள் வைத்திருக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு, பல பிம் மென்பொருள்களும் படிக்கும் பொதுக் கோப்பு வடிவமான ஐஎஃப்சியில் அனுப்பலாம். அனுப்புமுன் அதையே இலவச வியூவர் ஒன்றில் திறந்து, லெவல்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.