4.4 என்று எழுதுவதற்கு முன்னால்

போன வாரம் தெரிந்த குடும்பம் ஒன்று வீட்டுக்கு வந்திருந்தது. பையன் ஆகஸ்டில் ஜூனியர், அதாவது பதினோராம் வகுப்பு, ஆகிறான். ஹைஸ்கூலின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கார்னர்பேக், எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரை மறித்து ஆடுபவன். அவன் அம்மா காபியைக் கையில் வாங்கியதுமே கேட்டுவிட்டார்: "அக்கா, இவன் நாற்பது யார்டை 4.4 செகண்ட்ல ஓடறான். டிவிஷன் ஒன்ல எடுத்துக்குவாங்களா?" நாற்பது யார்டு ஓட்டம்தான் ஃபுட்பாலில் வேகத்தை அளக்கும் வழக்கமான சோதனை. டிவிஷன் ஒன் என்பது கல்லூரி விளையாட்டின் மேல்தட்டு.

"யாரும்மா டைம் எடுத்தது?" என்றேன்.

ஏதோ ஒரு முகாமில் ஒருவர் ஸ்டாப்வாட்ச்சில் எடுத்தாராம். அதைக் கேட்டதும் எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. டாலஸுக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊரில் நான்கு சீசன் பள்ளி டிராக் மீட்களில் (ஓட்டப் போட்டிகளில்) வாலண்டியராக நின்று டைம் எடுத்திருக்கிறேன். என் மகன் இப்போது அடுத்த தட்டான டிவிஷன் டூ கல்லூரி ஒன்றில் சேஃப்டியாக, தற்காப்பின் கடைசி வரிசையில், ஆடுகிறான். அன்று அவர்களிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் செய்த தப்பு. மகன் ஜூனியராக இருந்தபோது ஒரு தனியார் முகாமில் 4.43 என்று எழுதிக் கொடுத்தார்கள். சந்தோஷத்தில் அதை அப்படியே முப்பது கல்லூரிகளுக்கு மெயிலில் போட்டோம். ஜூன் மாதம் ஒரு கல்லூரி நடத்திய ஒருநாள் முகாமுக்குக் கூட்டிப்போனேன். அங்கே நேரம் எடுக்க லேசர் வைத்திருந்தார்கள். முதல் ஓட்டம் 4.71, இரண்டாவது 4.69. உதவி கோச் கையிலிருந்த தாளைப் பார்த்தார், அப்புறம் இவனைப் பார்த்தார். "நீ 4.43 என்று எழுதியிருந்தாய், இல்லையா?" என்று மென்மையாகத்தான் கேட்டார். "ஆமாம் கோச்" என்று சொன்ன மகன், குனிந்து, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான். வேலிக்கு வெளியே நின்ற எனக்கு அந்த லேஸ்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. 4.69 ஓடுகிற பையனுக்கு இந்த ஆட்டத்தில் நிறைய இடம் இருக்கிறது. ஆனால் ஒரு நம்பர் பொய்யாகிவிட்டால் உயரம், எடை, மார்க் எல்லாவற்றையும் கோச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

அந்த 4.43 எங்கிருந்து வந்தது? யாரும் ஏமாற்றவில்லை, ஸ்டாப்வாட்ச்சின் குணமே அதுதான். பையன் அசைவதைக் கண் பார்த்து, மூளை சொல்லி, கட்டைவிரல் அழுத்துவதற்குள் அவன் கிளம்பிவிடுகிறான். முடிவில் அப்படியில்லை. அவன் வருவது தெரிவதால் கோட்டைத் தொடும் கணத்திலேயே, சில சமயம் அதற்கு முன்பே, விரல் அழுத்திவிடுகிறது. ஆக, ஆரம்பத்தில் தாமதம், முடிவில் அவசரம். இரண்டும் நேரத்தைக் குறைத்தே காட்டும். டிராக் உலகம் இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. 100 மீட்டரைக் கையால் எடுத்தால், தானியங்கி நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டச் சொல்வார்கள். கையால் எடுத்த 10.81-ஐ 10.9 என்று அடுத்த பத்தில் ஒன்றுக்கு ஏற்றித்தான் பதிய வேண்டும். அதனால் ஸ்டாப்வாட்ச் நாற்பதில் இரண்டாவது தசம எண்ணை யாராவது பெருமையாகச் சொன்னால், அதை நம்பி மெயில் எழுதாதீர்கள்.

டிவியில் பார்க்கும் எண்களோடு ஒப்பிடுவதையும் விட்டுவிடுங்கள். 2024-இல் சேவியர் வொர்தி 4.21 ஓடினார், அதுதான் தொழில்முறை லீகான என்எஃப்எல் கல்லூரி வீரர்களைச் சோதித்துப் பார்க்கும் கம்பைனின் சாதனை. அதற்கு முன்பு 2017-இல் ஜான் ராஸ் ஓடிய 4.22. உலகத்திலேயே வேகமான சில பேர், கல்லூரிப் படிப்பு முடிகிற வயதில், அந்த ஒரு ஓட்டத்துக்காகவே மாதக்கணக்கில் தயாராகி ஓடிய எண்கள் அவை. பதினாறு வயதுப் பையன் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டான் என்று ஸ்டாப்வாட்ச் சொன்னால், ஸ்டாப்வாட்ச்சைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, கோச் எதை நம்புவார்? தானே சரிபார்த்துக்கொள்ள முடிகிற வேகத்தை. அப்படிப்பட்டவை மூன்று: டிராக் ரிசல்ட், கேம் ஃபிலிம், அவருடைய சொந்த முகாமில் அவரே எடுக்கும் நேரம்.

டிராக்கில் சேர்த்துவிடுங்கள். இதைத்தான் எல்லாக் குடும்பத்துக்கும் முதலில் சொல்வேன். டெக்சஸில் வசந்த காலம் முழுக்க மீட் இருக்கும். டிஸ்ட்ரிக்ட், ஏரியா, ரீஜனல் தாண்டினால் மே மாதம் ஆஸ்டினில் ஸ்டேட் மீட். கல்லூரி கோச்சுகள் பள்ளிகளைச் சுற்றி வருவதும் ஏப்ரல், மே மாதங்களில்தான். எஃப்ஏடி என்கிற முழுத் தானியங்கி முறையில் துப்பாக்கியோடு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், கோட்டில் கேமரா நிறுத்தும். நேரம் இணையத்தில் ஏறிவிடும், பெயரைத் தட்டினால் கோச்சுக்கே கிடைக்கும். பக்கத்தில் 'எச்' என்ற எழுத்து இருந்தால் கையால் எடுத்தது. 'டபிள்யூ' இருந்தால் பின்காற்று விநாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டியது. எங்கள் பக்கம் மார்ச் மாதக் காற்றில் 100 மீட்டர் ஓடினால் எல்லாப் பிள்ளைகளும் வேகமானவர்கள்தான். அந்த நேரத்தை எழுதினால் காற்று என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். 4x100 ரிலேயில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆள் ஓடிக்கொண்டே பேட்டனை வாங்குவதால், அவர்களின் தனி நேரத்தை 100 மீட்டர் நேரமாகக் காட்டக் கூடாது.

டிராக்கின் அளவுகோல் எவ்வளவு கறாரானது என்பதற்கு ஒரு உதாரணம். என்எஃப்எல் ரிசீவர் டிகே மெட்காஃப் 6 அடி 4 அங்குலம், 230 பவுண்டுக்குப் பக்கம். கம்பைனில் நாற்பதை 4.33-இல் ஓடியவர். 2021 மே மாதம் கலிஃபோர்னியாவில் நிஜமான ஸ்பிரிண்டர்களோடு 100 மீட்டர் ஓடினார். 10.37. அவருடைய ஹீட்டில் (முதல் கட்டச் சுற்றில்) கடைசி. ஆனால் அந்த உடம்போடு அந்த நேரமா என்று ஃபுட்பால் கோச்சுகள் வாய் பிளந்தார்கள். உங்கள் பையன் ஹீட்டில் ஆறாவதாக வந்தாலும் பரவாயில்லை. அது யாரும் கேள்வி கேட்க முடியாத ஒரு எண்.

அடுத்தது ஃபிலிம். எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். ஹடில் என்ற விளையாட்டு வீடியோ தளத்தில் ஏற்றிய கேம் வீடியோவிலிருந்தே பையனின் வேகத்தை வீட்டில் உட்கார்ந்து கணக்கிட்டுவிடலாம். ஃபுட்பால் மைதானத்தில் ஐந்து யார்டுக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், அளவுநாடா தரையிலேயே இருக்கிறது. பையன் பக்கக் கோட்டை ஒட்டி நேராக ஓடும் ஒரு பிளேயை எடுங்கள். குறுக்காக ஓடினால் தூரம் கூடிவிடும், கணக்கு தப்பும். ஒரு கோட்டை அவன் இடுப்பு தாண்டும் ஃபிரேமிலிருந்து 20 யார்டு தள்ளியிருக்கும் கோடு வரை ஒவ்வொரு ஃபிரேமாக எண்ணுங்கள். வீடியோ விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் 60 ஃபிரேம் இரண்டு விநாடி. 20 யார்டை இரண்டு விநாடியில் கடந்தால் மணிக்கு 20.45 மைல்.

அந்த முகாமிலிருந்து திரும்பிய இரவு, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து இதைத்தான் செய்தோம். அவன் பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய பிளே. நான் பொத்தானைத் தட்டத் தட்ட அவன் தாளில் கோடு போட்டு எண்ணினான். 62 ஃபிரேம். மணிக்கு 19.8 மைல், அதுவும் ஹெல்மெட், பேட் எல்லாம் போட்டுக்கொண்டு, நான்காவது குவார்ட்டரில். ஒரு ஃபிரேம் தப்பினால் 0.3 மைல் மாறும், அதனால் மூன்று பேர் தனித்தனியாக எண்ணினோம். "அம்மா, நான் ஸ்லோ இல்லம்மா" என்றான். ஸ்லோ இல்லைதான். நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில்தான் அவனுக்குக் குறை. ஓட ஆரம்பித்துவிட்டால் நல்ல வேகம். அது தெரிந்த பிறகுதான் கார்னரைவிட சேஃப்டிக்கு அவன் பொருந்துவான் என்பது எங்களுக்குப் புரிந்தது. பள்ளி கோச் அதை ஒரு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

உச்ச வேகத்தைத் தனியாகவும் அளக்கலாம். மைதானத்தில் 10 யார்டு இடைவெளியில் இரண்டு உயரமான கம்புகளை, ஓடும் கோட்டை ஒட்டியே நடுங்கள். தள்ளி நட்டால் கேமராக் கோணம் ஏமாற்றும். பையன் 30 யார்டு முன்னாலிருந்து வேகம் எடுத்து வரட்டும். போனை நடுவில், நல்ல தூரத்தில், ஸ்டாண்டில் வைத்து ஸ்லோமோஷனில் விநாடிக்கு 240 ஃபிரேம் பதியுங்கள். முதல் கம்பிலிருந்து இரண்டாவது வரை எத்தனை ஃபிரேம் என்று எண்ணி 240-ஆல் வகுத்தால் விநாடி. 20.45-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மைல் வேகம். 1.05 விநாடி என்றால் 19.5 மைல், 0.95 என்றால் 21.5. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே நாலைந்து நிமிடம் முழு ஓய்வு கொடுங்கள். மூச்சு வாங்க ஓடினால் களைப்பைத்தான் அளப்பீர்கள். தொடையின் பின்தசையான ஹாம்ஸ்ட்ரிங்கும் போய்விடும்.

எந்த பொசிஷனுக்கு எந்த வேகம் என்பதையும் பாருங்கள். முன்வரிசையில் மோதி ஆடும் லைன்மேனுக்கு முழு நாற்பதைவிட முதல் 10 யார்டு முக்கியம். தற்காப்பில் அந்த வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கருக்குத் திரும்பும் வேகம், அதை 5-10-5 ஷட்டில் (5 யார்டு ஒரு பக்கம், 10 யார்டு மறுபக்கம், 5 யார்டு திரும்ப) காட்டும். கார்னருக்குத்தான் இரக்கமே கிடையாது. எதிரே ஓடுகிறவன் எங்கே போகிறான் என்பது அவனுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. அந்த ஒரு அடியை வேகத்தால்தான் ஈடுகட்ட வேண்டும். ரிசீவருக்குக் கொஞ்சம் வழி உண்டு. கூப்பர் கப் 2017 கம்பைனில் 4.62-தான் ஓடினார். பெரிய கல்லூரி எதுவும் ஸ்காலர்ஷிப் தராமல் ஈஸ்டர்ன் வாஷிங்டனில் படித்தவர். 2021 சீசனில் என்எஃப்எல்லில் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச்டவுன் என்று மூன்றிலும் முதலிடம், அப்புறம் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்). ஆனால் ஒன்று: அவர் ரூட், அதாவது பந்தை வாங்கத் திட்டமிட்ட பாதை, ஓடும் நுணுக்கம் ஃபிலிமில் கிடந்தது. வேகம் குறைவான பையனுக்கு ஃபிலிம் இரண்டு மடங்கு பேச வேண்டும்.

ஹைலைட் ரீலை மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். முதல் ஐந்து பிளேயிலேயே கோச் முடிவுக்கு வந்துவிடுவார், நல்லதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து பிளே தொடங்குவதற்கு) முன்பே அவன் எங்கே நிற்கிறான் என்று அம்புக்குறி போடுங்கள். பாட்டு வேண்டாம். வீடியோவை வேகப்படுத்தவே கூடாது, கோச்சுகளும் ஃபிரேம் எண்ணுவார்கள். பந்தோடு ஓடுவதைவிட, முன்னால் ஓடுகிறவனைப் பின்னாலிருந்து துரத்திப் பிடிக்கும் பிளே இருந்தால் அதை முதலில் வையுங்கள். அதில் மட்டும்தான் வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஆளும் திரையில் இருப்பான்.

மெயிலின் தலைப்பிலேயே எல்லாம் வந்துவிட வேண்டும்: பள்ளி முடிக்கும் வருடம், பொசிஷன், உயரம், எடை, 100 மீட்டர் எஃப்ஏடி நேரம், ஜிபிஏ (மதிப்பெண் சராசரி). உள்ளே மீட்டின் பெயர், தேதி, ரிசல்ட் லிங்க், ஃபிலிம் லிங்க். நாற்பது யார்டு நேரம் போட்டே ஆக வேண்டுமென்றால், எங்கே, எந்தத் தேதியில், லேசரா கையா என்பதோடு போடுங்கள். இரண்டாவது தடவை நாங்கள் '4.69, லேசர்' என்று எழுதினோம். முதல் முப்பது மெயிலுக்கு வராத பதில், அடுத்த பன்னிரண்டுக்கு நான்கு வந்தது. மெயிலைப் பையனே எழுதட்டும். கோச்சுக்கு வேண்டியது அவன் குரல்தான்.

எங்கே அனுப்புவது என்பதில் மனதைத் திறந்து வையுங்கள். 2025 சீசனிலிருந்து, கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் உடன்படிக்கையை ஏற்ற கல்லூரிகளில் ஒரு அணிக்கு 105 பேர்தான். ஸ்காலர்ஷிப் இல்லாமல் வாக்-ஆனாகச் சேரும் இடங்கள் அதனால் சுருங்கிவிட்டன. கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் இருபது, இருபத்தொரு வயது ஆட்கள் வேறு கிடைக்கிறார்கள். டிவிஷன் த்ரீயிலும் ஐவி லீகிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ப உதவி உண்டு. நம் வீடுகளில் மார்க் நன்றாகவே இருக்கும், அங்கே அது பெரிய பலம்.

மார்க் என்றதும் ஒன்று. டிவிஷன் ஒன்னுக்கு 16 கோர் கோர்ஸ் (ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்ற அடிப்படைப் பாடங்கள்) வேண்டும், அதில் 10-ஐ சீனியர் வருடம் (பன்னிரண்டாம் வகுப்பு) தொடங்குவதற்குள் முடித்திருக்க வேண்டும், அந்தப் பாடங்களில் ஜிபிஏ 2.3 தேவை. டிவிஷன் டூவுக்கு 2.2. எந்தப் பாடம் கோர் கணக்கில் வரும் என்பதை இந்தக் கோடையிலேயே கவுன்சிலரிடம் கேட்டுவிடுங்கள். சீனியர் வருடத்தில் தெரிந்தால் திருத்த நேரம் இருக்காது.

அன்று வந்த பையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது வாசலில் நின்று, "ஆன்ட்டி, அந்தக் கம்பு வச்சு அளக்கறது எனக்கும் பண்ணலாமா?" என்று கேட்டான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், பள்ளி மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கம்பும் ஸ்டாண்டும் காரில் ஏற்றியாகிவிட்டது.