இரும்புச்சத்து மாத்திரையும் நாலு மணி டீயும்

எங்கள் ஊர் திருமங்கலம் பக்கம். மல்லிகை சீசனில் விடியுமுன்னே தோட்டத்தில் இறங்கிவிடுவோம், வெயில் ஏறுவதற்குள் மொக்கு மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்ச் சேரவேண்டும். ஒரு வருஷம் நாலு செடி தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. போகிற வருகிற நேரமெல்லாம் பச்சரிசியை அள்ளித் தின்றேன். அதுவும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம்தான் என்று பிறகுதான் தெரிந்தது. ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.4 பாயிண்ட். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை.

மாத்திரை தந்தார்கள். இரண்டு மாதம் ஒருநாள் விடாமல் போட்டும் 8.7-தான் வந்தது. மருந்தில் குறை இல்லை. விடிகாலை நாலு மணி டீயோடு சேர்த்து விழுங்கியிருக்கிறேன்! டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரை தந்த இடத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

வெறும் வயிற்றில் போட்டால்தான் நன்றாக ஏறும். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் நாலு மணி நேரம் விடுங்கள். எனக்குக் காலை ஒத்துவராது, எழுந்ததும் டீ இல்லாமல் தோட்டத்துக்குப் போக முடியாது. அதனால் இரவு ஏழரைக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பத்து மணிக்கு அரை எலுமிச்சையைத் தண்ணீரில் பிழிந்து அதோடு போட்டேன். எலுமிச்சையிலும் நெல்லிக்காயிலும் உள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே ஏற்றிவிடும். அடுத்த நாலு வாரத்தில் 10.3 வந்தது.

முதல் வாரம் குமட்டும். வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல் கொஞ்சம் சாப்பிட்டபின் போடுங்கள், குறைவாக ஏறினாலும் பரவாயில்லை. மலச்சிக்கல் வந்தால் தண்ணீரும் கீரையும் கூட்டுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் தார் மாதிரி பிசுபிசுவென்று நாற்றத்தோடு போனால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள், அது உள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம்.

சீக்கிரம் தேறவேண்டும் என்று நீங்களாக இரண்டு மூன்று சேர்த்துப் போடாதீர்கள். ஒரு மாத்திரை போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, ஒரு நாள்வரை இரும்பு ஏறுவதை மட்டுப்படுத்தும். அதனால்தான் இப்போது சில டாக்டர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்கிறார்கள். உங்களுக்கு எது என்பதை டாக்டரிடமே கேளுங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு இருப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

பீட்ரூட், பேரீச்சம்பழம் போதாதா என்று என் நாத்தனார் கேட்டாள். முருங்கைக்கீரையும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் இவ்வளவு இறங்கிப்போன ரத்தத்தைச் சாப்பாடு மட்டும் தூக்கி நிறுத்தாது. அரசாங்கம் கர்ப்பிணிகளுக்குத் தரும் ஒரு சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, சாப்பாட்டில் அவ்வளவு கிடைக்காது.

எல்லாரும் தவறுவது அடுத்ததில்தான். 12 வந்ததும் தெம்பு வந்துவிடும், மாத்திரை மறந்துவிடும். ஆனால் உடம்பின் கையிருப்பு அப்போது காலியாகவே இருக்கும். அது நிரம்ப, 12 வந்தபிறகும் மூன்று மாதம் தொடரவேண்டும். கையிருப்பைக் காட்டுவது ஃபெரிடின் என்ற பரிசோதனை.

ரத்தம் ஏன் குறைந்தது என்றும் பார்க்கவேண்டும். எனக்கு மாதவிலக்கு எட்டு நாள் போனது, அதற்குத் தனியாக வைத்தியம் செய்தேன். செருப்பில்லாமல் ஈரத் தோட்டத்தில் நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு இருக்கலாம். ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் குறைந்தால் மூலமா, குடற்புண்ணா, குடலில் வேறு ஏதாவதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். ஒரு மாதம் சரியாகப் போட்டும் ஒரு பாயிண்ட்கூட ஏறவில்லை என்றாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி வழியாக இரும்பு ஏற்ற வேண்டியிருக்கலாம்.

அப்புறம், சிவப்புச் சர்க்கரைப் பூச்சு மாத்திரை பிள்ளைகளுக்கு மிட்டாயாகத் தெரியும். சின்னப் பிள்ளை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. என் பேத்தி தவழ ஆரம்பித்த அன்றே அட்டையைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து மேல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.