இடுக்கியின் மேல் சந்தேகப்படுங்கள்: காந்தப் பொருள் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறை வெப்பநிலையிலேயே அழகான ஹிஸ்டெரிசிஸ் வளையம் (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் வெவ்வேறு பாதையில் போவதைக் காட்டும் வரைபடம், காந்தப் பொருளின் அடையாளம்) வந்துவிட்டதா? வழிகாட்டியிடம் ஓடுவதற்கு முன், மாதிரியை எந்த இடுக்கியால் எடுத்தீர்கள் என்று யோசியுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இடுக்கி பட்ட ஓரத்தில் இரும்புத் துணுக்கு ஒட்டிக்கொள்ளும். 1 மைக்ரோகிராம் இரும்பின் காந்தத் திருப்புத்திறன் (காந்த வலிமையின் அளவு) சுமார் 2×10⁻⁴ ஈஎம்யூ (அதன் அலகு). மிக நுண்ணிய காந்த அளவுகருவியான ஸ்குவிட் மேக்னெட்டோமீட்டரோ 10⁻⁸ ஈஎம்யூ வரை மோப்பம் பிடிக்கும். அப்புறம் நீங்கள் அளக்க வந்த மெல்லிய படலத்தின் சிக்னல் எது, துணுக்கின் சிக்னல் எது?

இதில் பெரிய ஆட்களும் சறுக்கியிருக்கிறார்கள். ஹாஃப்னியம் ஆக்சைடு படலம் ஃபெர்ரோகாந்தமாக (இரும்பைப் போலத் தானே காந்தமாக) இருக்கிறது என்று 2004-இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. இரும்பு படாத படலங்களில் காந்தமே இல்லை, ஸ்டீல் இடுக்கி பட்டால் அதே மாதிரி சிக்னல் வருகிறது என்று 2005-இல் வேறொரு குழு காட்டியது. பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம் இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். படலம் போடாத வெறும் அடித்தளத்தையும் (படலத்தைத் தாங்கும் தகடு) அதே சூடேற்றல், அதே கழுவல் என்று எல்லாப் படிகளிலும் கொண்டுபோய் அளந்து பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைவிட நல்ல காப்பீடு கிடையாது. படலத்தின் தடிமனை இரட்டிப்பாக்கியும் சிக்னல் ஏறவில்லை என்றால், அது படலத்திலிருந்து வரவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்த ஏமாற்று காந்தப்புலத்தில். அளவுகருவியில் புலம் தரும் மீக்கடத்திக் காந்தத்தை 5 டெஸ்லா வரை ஏற்றி இறக்கினால், திரையில் பூஜ்யம் என்று இருந்தாலும் உள்ளே சில ஓர்ஸ்டெட் (காந்தப்புல அலகு) முதல் சில பத்து ஓர்ஸ்டெட் வரை புலம் சிக்கியிருக்கும். சிறு புலத்திலேயே காந்தத் திசை மாறும் மென்காந்தப் பொருளின் அளவீட்டைக் கெடுக்க இது போதும். காந்த நீக்குப் புலத்தின் (காந்தமாக்கத்தைப் பூஜ்யமாக்கத் தேவையான எதிர்ப்புலம்) மதிப்பே தப்பாகிவிடும், சில சமயம் வளையம் தலைகீழாகவும் தெரியும். ஹிஸ்டெரிசிஸ் இல்லாத பல்லேடியத்தை வைத்து அதே புல வரிசையில் அளந்து பிழையைக் கழியுங்கள். புலமின்றிக் குளிர்விக்கும் அளவீடு என்றால், முதலில் புலத்தை ஊசலாட்டி (திசையை மாற்றி மாற்றி, அளவைக் குறைத்துக்கொண்டே) இறக்குவது அவசியம்.

வெப்பநிலையோடு காந்தமாக்கத்தை வரையும்போது சுமார் 50 கெல்வினில் ஒரு சின்ன மேடு தெரிகிறதா? புதிய காந்த நிலைமாற்றம் என்று பெயர் வைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் காற்றுக் கசிவில் உள்ளே போய் உறைந்த ஆக்சிஜன்தான். ஹீலியத்தால் மாதிரி இருக்கும் அறையை நன்றாகக் கழுவிவிட்டு மறுபடி எடுங்கள்.

கியூரி–வைஸ் பொருத்தத்தை (காந்த ஏற்புத்திறன் வெப்பநிலையோடு குறைவதைச் சொல்லும் விதியோடு தரவைப் பொருத்துவது) காந்த நிலைமாற்றத்துக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள், அங்கே அந்த விதி செல்லாது. அப்புறம் எடை. 2 மில்லிகிராம் மாதிரியை 0.1 மில்லிகிராம் துல்லியத் தராசில் நிறுத்தால் அங்கேயே 5% பிழை வந்துவிடுகிறது. அதை வைத்து போர் மேக்னட்டானில் (அணுவின் காந்தத் திருப்புத்திறனுக்கான அலகு) மூன்று தசம இடம் எழுதினால் கட்டுரை மதிப்பீட்டாளர் கேட்கத்தான் செய்வார்.