ஃபிளாஸ்க்கில் ஒரு வகுப்பு அட்டவணை: முதல் அடியிலிருந்து

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் நடக்கும் துணைப்பாட வகுப்புக்கு ஒரு சின்ன இணையப்பக்கம் வேண்டும். இன்று எந்தப் பாடம், எத்தனை மணிக்கு என்று பெற்றோர் கைப்பேசியில் பார்த்தால் போதும். இதற்கு ஃபிளாஸ்க் தாராளம். பைத்தான் நிரல்மொழியில் இணையப்பக்கம் செய்ய 2010-இல் ஆர்மின் ரோனக்கர் வெளியிட்ட கட்டமைப்பு இது, திறமூலம், இலவசம். தரவுத்தளம், நிர்வாகப் பக்கம் எதுவும் கூடவே வராது என்பதால் படிக்க வேண்டியது குறைவு. கீழே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது, பேரெழுத்து என்று சொன்ன இடங்கள் தவிர, ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

1. பைத்தான் 3.9 அல்லது அதற்குப் பிந்தையது இருக்கட்டும். 'வகுப்பு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) 'பைத்தான் -எம் வென்வ் .வென்வ்' கொடுங்கள். மேக்கில் 'பைத்தான்3'. இது இந்த வேலைக்கு மட்டுமான தனிச்சூழல். அடுத்து அதை ஆக்டிவேட் செய்ய வேண்டும்: விண்டோஸில் '.வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்', மேக்கில் 'சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்'. விண்டோஸ் பவர்ஷெல் ஸ்கிரிப்டை ஓட்ட மறுத்தால் கமாண்ட் பிராம்ப்ட்டில் செய்யுங்கள், சிக்கல் தீரும். வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சூழலின் பெயர் தெரிந்த பிறகே 'பிப் இன்ஸ்டால் ஃபிளாஸ்க்'.

2. கோப்பின் பெயர் 'ஆப்.பிஒய்'. 'ஃபிளாஸ்க்.பிஒய்' என்று மட்டும் வைக்காதீர்கள்: பைத்தான் உண்மையான ஃபிளாஸ்க்கை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே இறக்கிக்கொண்டு பிழை காட்டும். முதல் வரி 'ஃப்ரம் ஃபிளாஸ்க் இம்போர்ட் ஃபிளாஸ்க்' (கடைசி ஃபிளாஸ்க்கில் மட்டும் எஃப் பேரெழுத்து). இரண்டாவதில், பேரெழுத்தில் தொடங்கும் அந்த ஃபிளாஸ்க்கை வைத்து 'ஆப்' என்ற மாறியை உருவாக்குங்கள். அதற்கு அடைப்புக்குறிக்குள் தரும் 'நேம்' என்ற சொல்லுக்கு இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடு. மூன்றாவது, @ குறியோடு தொடங்கும் ரவுட் வரி (எந்த முகவரிக்கு எந்த ஃபங்ஷன் என்று சொல்வது), முகவரி வெறும் சாய்கோடு. அதை ஒட்டி ஒரு ஃபங்ஷன், உள்ளே நான்கு இடைவெளி விட்டு 'ரிட்டர்ன்', மேற்கோளுக்குள் 'வணக்கம்'. ரிட்டர்னை மறந்தால், சரியான பதில் வரவில்லை என்று டைப்எரர் வரும். தொடக்கத்தில் அடிக்கடி பார்க்கும் பிழை இது.

3. 'ஃபிளாஸ்க் ரன் --டீபக்' கொடுத்து, உலாவியில் 127.0.0.1:5000 திறங்கள். மேக்கில் 5000 ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளதாகச் சொன்னால், ஏர்பிளே ரிசீவர் அந்த போர்ட்டைப் பிடித்திருக்கும். கட்டளையோடு '--போர்ட் 5001' சேருங்கள்.

4. ஆப் கோப்புக்குப் பக்கத்திலேயே 'டெம்ப்ளேட்ஸ்' ஃபோல்டர். பன்மை 'எஸ்' விட்டுப்போனால் டெம்ப்ளேட்நாட்ஃபவுண்ட் என்ற பிழை வரும். உள்ளே வைக்கும் எச்டிஎம்எல் கோப்பை யுடிஎஃப்-8 ஆகவே சேமியுங்கள், இல்லையென்றால் தமிழ் எழுத்துகள் சிதையும், அல்லது பக்கமே பிழையோடு நிற்கும். 'ரெண்டர்_டெம்ப்ளேட்' மூலம் அனுப்பும் பாடத்தின் பெயர், இரட்டை நெளிவு அடைப்புக்குறி போட்ட இடத்தில் வந்து உட்காரும். அதே தரவை ஜேசனாக (நிரல்கள் தரவைப் பரிமாறும் எழுத்து வடிவம்) கொடுத்தால் தமிழுக்குப் பதில் சாய்கோடும் எண்களுமாகத் தெரியும். தரவு கெடவில்லை, 'ஆப்.ஜேசன்.என்ஷ்யூர்_ஆஸ்கி' என்பதை 'ஃபால்ஸ்' (எஃப் பேரெழுத்து) ஆக்கினால் தமிழாகவே வரும்.

5. இனி நாள். ஏழு நாள் பாடங்களையும் ஒரு பட்டியலில் போட்டு 'வீக்டே' தரும் எண்ணால் எடுங்கள். திங்கள் 0, ஞாயிறு 6. உங்கள் மடிக்கணினியில் எல்லாம் சரியாக இருக்கும். சர்வரில் ஏற்றிய மறுநாள் செவ்வாய்க் காலை 7 மணிக்குப் பார்க்கும் பெற்றோருக்குத் திங்கள் பாடம் தெரியும். காரணம், சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னால். நமக்குச் செவ்வாய் காலை 7 என்றால் அங்கே திங்கள் இரவு 11. தினமும் காலை 8 மணி வரை பக்கம் பொய் சொல்லும், அதற்குப் பிறகு தானாகவே சரியாகிவிடும். அதனால்தான் இந்தத் தவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். கையால் 8 கூட்டாதீர்கள். மடிக்கணினியில் இரண்டு தடவை கூட்டியதாகிவிடும். 'ஃப்ரம் ஜோன்இன்ஃபோ இம்போர்ட் ஜோன்இன்ஃபோ' கொடுத்து (பின்னதில் இசட், ஐ பேரெழுத்து), 'நவ்'-க்குள் பேரெழுத்து ஜோன்இன்ஃபோவையும் அதன் அடைப்புக்குறிக்குள் மேற்கோளில் 'ஏசியா/சிங்கப்பூர்' என்றும் கொடுங்கள் (இங்கே ஏ, எஸ் மட்டும் பேரெழுத்து). விண்டோஸில் அந்த நேரமண்டலம் கிடைக்கவில்லை என்றால் 'பிப் இன்ஸ்டால் டிஇசட்டேட்டா'.

6. பெற்றோருக்கு முகவரியைக் கொடுக்குமுன் டீபக் முறையை (பிழையை விவரமாகக் காட்டுவது) நிறுத்துங்கள். அது காட்டும் பிழைப் பக்கத்திலிருந்தே பைத்தான் கட்டளைகளை ஓட்டலாம், வெளியாள் கையில் அது போகக்கூடாது. 'ஃபிளாஸ்க் ரன்' உருவாக்கும்போது பயன்படுத்த மட்டுமே. லினக்ஸ் சர்வரில் கூனிகார்ன், விண்டோஸில் வெயிட்ரஸ் என்ற சர்வர் மென்பொருளை வைத்து ஓட்டுங்கள்.