எழுத்துக் கூட்டியே நிற்கும் பிள்ளையைச் சரளமாக வாசிக்க வைப்பது எப்படி?

இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்கான முறை இது. உயிர் 12, மெய் 18 தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தேவையானவை: பழைய காலண்டர் அட்டை, கறுப்பு, சிவப்பு மார்க்கர், சிலேட்டு. 247 எழுத்தும் உள்ள சுவர் சார்ட் வேண்டவே வேண்டாம். நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டால், பிள்ளை ‘க, கா, கி’ என்று முதலில் இருந்து ஒப்பித்துத்தான் அங்கே வந்து சேரும். போன் செயலியும் அப்படித்தான். பிள்ளை வாய் திறக்கும் முன்னே அது சொல்லிவிடும்.

படி 1: எங்கே சிக்கல்?
நடத்தி முடித்த பாடத்தைக் கொடுக்காதீர்கள், மனப்பாடமாகச் சொல்லிவிடும். புதிய வரி ஒன்றைக் கடைசிச் சொல்லில் இருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் எழுத்துகளைச் சிலேட்டில் குறித்து வையுங்கள்.

படி 2: கொஞ்ச எழுத்து, நிறையச் சொல்
ட, ப, ம, க, ட், ம். இவ்வளவு போதும். படம், மடம், பட்டம், மட்டம், கட்டம் என்று அட்டையை மாற்றி மாற்றி அடுக்கச் சொல்லுங்கள்.

படி 3: கொம்பு
அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். கண் இடமிருந்து வலம் போகிறது. முதலில் படுவது கொம்பு. ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது மெய்யின் ஒலி. ‘கொடி’யில் இன்னொரு தொல்லையும் உண்டு: துணைக்காலும் ‘ர’வும் பல அச்செழுத்துகளில் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். அதனால் பிள்ளை ‘கெ-ர-டி’ என்று வாசிக்கும். ‘ர’வின் அடியில் சாய்ந்த வால் தெளிவாகத் தெரியும் புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள்.

அட்டையில் ‘க’வைக் கறுப்பிலும், கொம்பையும் காலையும் சிவப்பிலும் எழுதுங்கள். பிள்ளையின் விரல் முதலில் கறுப்பைத் தொட வேண்டும், பிறகு இடப்பக்கம், கால் இருந்தால் அதன் பிறகு வலப்பக்கம். விரல் எல்லாவற்றையும் தொட்ட பிறகே வாய் திறக்க வேண்டும். முதலில் கெ, கே மட்டும். அது பழகிய பின் கொ, கோ. கௌ கடைசியில் வரட்டும். பிறகு இணைகளாகக் கொடுங்கள்: தொடு/தோடு, பெட்டி/பேட்டி, கொட்டை/கோட்டை. குறில் நெடில் மாறினால் பொருளே மாறிவிடுவதைப் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும்.

படி 4: புள்ளி எழுத்து
‘ப… ள்… ள… த்…’ என்று தனித்தனியாகச் சொன்னால் சொல் கூடவே கூடாது. புள்ளி வைத்த எழுத்து முன்னெழுத்தோடுதான் ஒட்டும். செட்டிநாட்டு ஊர்ப்பெயர்களையே பாருங்கள்: பள்-ளத்-தூர், கா-ரைக்-கு-டி, கா-னா-டு-காத்-தான். பஸ் போர்டைவிட நல்ல பயிற்சித்தாள் கிடையாது. தேவகோட்டை, கோட்டையூர் இரண்டிலும் கொம்பும் புள்ளியும் சேர்ந்தே வரும். குன்றக்குடியை மட்டும் நீங்களே சொல்லிக்காட்டுங்கள். ‘ன்ற’ எழுதியபடி ஒலிக்காது.

படி 5: ஒரே பத்தி, நான்கு நாள்
40, 50 சொல் உள்ள பத்தி. முதலில் நீங்கள் விரல் வைத்து வாசியுங்கள், அடுத்து இருவரும் சேர்ந்து, பிறகு பிள்ளை தனியாக. தினமும் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தடுமாறினால் மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுச் சொல்லிக் கொடுங்கள். ல, ள, ழ உச்சரிப்பைத் திருத்த நடுவில் நிறுத்தாதீர்கள். அதற்கு வேறு நேரம் ஒதுக்குங்கள்.

படி 6: புரிந்ததா?
வீட்டில் ‘ஐயா வந்தாக’ என்று கேட்டு வளரும் பிள்ளைக்குப் புத்தகத்தின் ‘தாத்தா வந்தார்’ வேற்றுமொழி மாதிரி இருக்கும். சரளமாக வாசிக்கும், கதையைக் கேட்டால் முழிக்கும். வாசித்ததை அப்பத்தாவிடம் வீட்டுப் பேச்சிலேயே சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது.

பலர் கேட்டதால் சேர்த்தவை

பெரிய வீடுகளில் பழைய சிறுவர் புத்தகங்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன, கொடுக்கலாமா? 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் வேறு உருவத்தில் இருக்கும். சரளம் வந்த பிறகு கொடுங்கள். அதுவரை நீங்கள் வாசித்துக்காட்டுங்கள், பிள்ளை கேட்கட்டும்.

இத்தனை செய்தும் ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவினாலோ, புத்தகத்தை மூக்கருகே பிடித்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.