முதல் தடவை ஜெயிலுக்குப் போறவங்களுக்கு ஒரு சின்ன குறிப்பு

உள்ள போன முதல் வாரம் தான் ரொம்ப கஷ்டம், அதுல வாயை கொஞ்சம் கம்மி பண்ணி கண்ணையும் காதையும் தொறந்து வச்சாலே பாதி பிரச்சனை வராது. யார் எங்க உக்கார்றாங்க, க்யூல யாருக்கு அப்புறம் யாருன்னு மொதல்ல கவனிங்க.

முக்கியமா கடன் வேண்டாம். யாராவது பாசமா சோப்பு, சிகரெட்னு கைல குடுப்பாங்க, சும்மா தான்னு நினைச்சு வாங்கிட்டா நாளைக்கு அதுவே ரெண்டு மடங்கா திரும்பக் கேப்பாங்க, குடுக்க முடியலன்னா அவங்க சொல்ற வேலையை செய்ய வேண்டி வரும். சூதாட்டமும் அதே கதை தான்.

அடுத்தவன் என்ன கேஸ்னு கேக்காதீங்க, உங்க கேஸ் விவரத்தையும் வக்கீலைத் தவிர யார்கிட்டயும் பேசாதீங்க. போன்லயும் தான், நிறைய ஜெயில்ல கால் ரெக்கார்ட் ஆகும்.

உள்ள போனதும் நடக்குற மெடிக்கல் செக்கப்ல சுகர், பிபி, சாப்பிடுற மாத்திரை, ராத்திரி தூக்கம் வரல, உயிரை விட்டுடலாம்னு எண்ணம் வருதுன்னா அது உட்பட எல்லாத்தையும் சொல்லிடுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. கைதிகளை எப்படி நடத்தணும்னு ஐநா 2015ல ஏத்துக்கிட்ட மண்டேலா விதிகள்படி புதுசா வர்ற கைதிக்கு ஜெயில் ரூல்ஸை எழுத்துல குடுக்கணும், படிக்கத் தெரியாதவங்களுக்கு வாயால சொல்லணும். தரலன்னா மரியாதையா கேட்டுப் பாருங்க.

அப்புறம் வீட்டு நம்பர் ரெண்டு மூணு மனப்பாடமா இருக்கட்டும், செல்போன் கைல இருக்காதுல்ல.