திறக்க மறுத்த ரேசர்

அடிக்குமிழைத் திருகினால் தலையில் இரு கதவுகள் விரியும் ரேசர் என்னுடையது. திடீரென்று குமிழ் அரைச்சுற்றோடு நின்றுவிட்டது; பழைய பிளேடு உள்ளே சிக்கிக்கொண்டது. தையல் இயந்திர எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருந்தேன், அசையவில்லை. இடுக்கியால் திருகியதில் குமிழில் கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் புரிந்தது: கீல்களில் இருந்தது துரு அல்ல, வெள்ளைப் படிவு. கடின நீரும் சோப்பும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. எண்ணெய் அதைக் கரைக்காது. வெந்நீரும் வினிகரும் சம அளவு கலந்து, ரேசரைத் தலைகீழாக 20 நிமிடம் நிறுத்திவிட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். குமிழ் இரண்டு விரலுக்கே சுழன்றது. நிம்மதி!

ஆனால், முலாம் உரிந்த இடத்தில் சாம்பல் நிறத் துத்தநாகக் கலவை எட்டிப் பார்த்தது. அது இனி அரித்துக்கொண்டே போகும். எனவே, மூன்று துண்டாகக் கழலும் துருப்பிடிக்காத எஃகு ரேசர் வாங்கிவிட்டேன். அதில் கீலே இல்லை.